புல் வெட்டுபவனின் ஓதக் கணக்கு

பதினோரு வருடம் இந்தக் கரையை
மொட்டையடித்து வைத்திருந்தவன் நான்.
நகராட்சி அட்டவணைப்படி
இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழன்,
மழை இல்லாவிட்டால்.
வைபுனா ஓடை அப்போதெல்லாம்
வண்டியைத் திருப்ப வேண்டிய இடம்,
அவ்வளவுதான்.

மார்ச் மாதம் வண்டிக்கு முன்னால்
வந்து நின்றாள் மெரெயானா.
பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்காரி;
என் கடைவாய்ப்பல்லுக்கு நாள் குறித்தவள்.
இன்ஜினை நிறுத்து என்று கையால் காட்டினாள்.
நிறுத்தினேன்.
மண்டியிடு என்றாள்.
சேற்றில் மண்டியிட்டேன். அந்தக் குரல் அப்படி.

புல்லின் தூரை இரண்டு விரலால் விலக்கினாள்.
தண்டும் மண்ணும் சேரும் ஈரத்தில்
வெந்த ஜவ்வரிசியை
ஊசிமுனையால் கிள்ளிக் கிள்ளி ஒட்டியதுபோல்
நூறு, இருநூறு.
லென்ஸைக் கொடுத்தாள்.
ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளி.
கண்.

"மீன் புல்லிலா முட்டையிடும்?"
"இனங்கா இடும்.
உவாநாள் ஓதம் கரைமீறும்போது கூடவே ஏறிவரும்.
தண்ணீர் இறங்கிப் போய்விடும்,
முட்டை இங்கேயே கிடக்கும், காயாமல்,
புல் நிழல் கொடுத்தால்.
அடுத்த பெரிய ஓதம் வந்து கடலுக்குக் கூட்டிப்போகும்."
"புல் இல்லாவிட்டால்?"

அவள் பதில் சொல்லவில்லை.
என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.
அன்று காலை நான் வெட்டி முடித்திருந்த
நாற்பது மீட்டர்
வெயிலில் கிடந்தது,
மிக நேர்த்தியாக.

வீட்டுக்கு வந்து யோசித்தேன்.
ஒவ்வொரு செப்டம்பரும் ஆற்றுமுகத்தில் வலை வைத்து,
கோழிமுட்டையில் கலக்கி, வெண்ணெயில் பொரித்து,
ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்கிறேனே
அந்தப் பொடிமீனுக்கு
ஊர் இதுதான் என்று
ஐம்பத்து நான்கு வயதுவரை எனக்குத் தெரியாது.
இன்னும் தின்கிறேன். குறைத்திருக்கிறேன்.

ஈஸ்டர் விடுமுறையில் பன்னிரண்டு பேர்
சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்தத்துக்குக் கீழே
குழாய்க்குள் குனிந்து போனோம்.
சிப்பிப் பண்ணையில் கழித்துப்போட்ட மயிர்க்கயிறுகளை
மேல்முனையில் ஆணியடித்து நீளத்துக்கும் தொங்கவிட்டோம்.
வழுக்கும் சிமெண்டில் பிடிமானம் இல்லாதவை
கயிற்றின் ஓரம் நின்று மூச்சுவாங்கிப் போகுமாம்.
தலைக்கு மேல் தள்ளுவண்டிகள் கடகடத்தன.
பல் மருத்துவர் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டார்.

பதினேழாம் எண் வீட்டுத் திருமதி பிரிட்சர்ட்
மூன்று கடிதம் எழுதினார்.
எலி வரும். பார்க்க அசிங்கம்.
வரி கட்டுவது எதற்கு.
நியாயம்தான்,
அவருக்குப் பதினோரு வருடம்
பச்சைக் கம்பளம் விரித்துப் பழக்கியவன் நானே.

ஏப்ரல் உவாநாள், இரவு பத்தரை மணி,
டார்ச்சோடு போய் நின்றேன்.
தண்ணீர் வந்தது. என் பூட்ஸைத் தொட்டது,
வெட்டாத புல்லுக்குள் முழங்கால் உயரம் ஏறி
சற்று நின்றது,
பிறகு போயிற்று.
ஒரு மீனைக்கூட நான் பார்க்கவில்லை.
காலையில் புல்லெல்லாம்
கடல் பக்கம் சாய்ந்து கிடந்தது. அவ்வளவே சாட்சி.

இப்போது வண்டியில் இரண்டு தாள் ஒட்டியிருக்கிறேன்.
ஒன்று நகராட்சி அட்டவணை,
மற்றது ஓத அட்டவணை.
இரண்டும் மோதுகிற வியாழன்களில்
வேலை நடக்காததற்குக் காரணம் என்ற கட்டத்தில்
'மழை' என்று எழுதுகிறேன்.
மேற்பார்வையாளர் லாக்லன்
ஜன்னல் வழியே நீலவானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக்
கையெழுத்துப் போடுகிறார்.