மிஞ்சிய வசை

மூளைக்குள் ஒரு நாளம் அடைத்துக்கொண்ட இரவில்
டூகல்ட் ரென்னியின் சொற்கள் எல்லாம் போயின.
ஒன்று மட்டும் போகவில்லை:
நம்ப்டி.

கிளாஸ்கோவில் அதற்கு அகராதி தேவையில்லை.
முட்டாள் என்றால் கொஞ்சம் கனம்,
அசடு என்றால் கொஞ்சம் செல்லம்.
இடையில், பஸ்ஸில் குடையை விட்டு வந்தவனுக்கும்
கோல்கீப்பர் விழுந்து கிடக்கையில்
கம்பத்துக்கு வெளியே அடித்தவனுக்கும்
வைத்திருக்கிற சொல்.

நான் பேச்சுப் பயிற்சி தருபவள். கையில் அட்டைகள்.
கோப்பைப் படம். நம்ப்டி.
நாய்ப் படம். நம்ப்டி.
பெரிய டாக்டர் குனிந்து, இப்போது பிரதமர் யார் என்றார்.
நம்ப்டி.
சரி என்று போடுவதா, தவறு என்று போடுவதா,
என் பேனா கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது.

எதிர்க் கட்டிலில் சில்வியோ நார்தினி,
மீன் வறுத்து விற்ற டஸ்கனிக் குடும்பத்துப் பிள்ளை.
இடது கை விளங்காது, வாய்க்குக் குறைவில்லை.
செருப்பையும் மழையையும் ஆஸ்பத்திரிக் கஞ்சியையும்
பிஸ்கெரோ என்பார்.
வயலினில் தந்தி முறுக்கும் கட்டைக்கு அந்தப் பெயர்.
அது எப்படி மனிதன் தலைக்கு வந்தது என்றேன்.
முறுக்கிப் பார், தெரியும் என்றார்.

ஜன்னலோரத்து வெல்டர் ஸ்வாவோமிருக்கு
உலகமே பரான். போலந்துச் செம்மறிக் கிடா.
டோனகலிலிருந்து வந்த நர்ஸ் ஓனா
மாத்திரையைத் தவறவிட்டால் தன்னையே
அமடான் என்று திட்டிக்கொள்வாள்.
அது ஆண்பாலாம். பெண்ணுக்கு ஓன்ஷக் என்று தனியாக உண்டாம்.
"அதை நான் எனக்குச் சொல்லிக்கொள்ள மாட்டேன்,
அது என் மாமியார் சொத்து."

நாலு மணிக்கு இஷ்பெல் வருவார், ஈரக் கோட்டோடு.
"இந்தச் சொல் ஃபோர்மேனுக்கு. வீட்டுக்குள் வந்ததில்லை.
வீட்டுக்குள் இந்த மனுஷன் கொண்டுவந்தது
சம்பளக் கவரும் அழுக்கு பூட்ஸும்தான்."
இப்போது மணிக்கு நாற்பது நம்ப்டி.
ஏற்றி ஒன்று, இறக்கி ஒன்று,
ஆரஞ்சு உரித்துத் தந்ததற்கு ஒன்று.
விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆறாம் வாரம், செவ்வாய்க்கிழமை,
கோப்பை அட்டையைப் பார்த்து, உதடு கோணி,
"தண்ணீர்."
தாழ்வாரம் முழுக்க ஓடிச் சொன்னேன்.
நாய்? தண்ணீர்.
பிரதமர்? தண்ணீர்.
நாலு மணிக்கு, இவர் யார் என்று காட்டினேன்.
டூகல்ட் நெடுநேரம் பார்த்தார்.
புருவத்துக்குப் பின்னால் யாரோ
இழுப்பறைகளைத் திறந்து மூடுவது போலிருந்தது.
"தண்ணீர்."

ஆரஞ்சு உரிக்கப்படாமல் மடியில் இருந்தது.
முன்னேற்றம் என்றேன். அப்படியே எழுதியும் வைத்தேன்.
"அந்தப் பழையதை எங்கே போட்டீர்கள்?"
என்னைத்தான் கேட்டார் இஷ்பெல்.

எதிர்க் கட்டிலிலிருந்து சில்வியோ, எங்கள் பக்கமாக,
யாரை என்று சொல்லாமல்:
பிஸ்கெரோ.