புள்ளி உதிர்ந்த பல்

அல் ஐன். ஆகஸ்ட். வெளியே நாற்பத்தாறு.
உள்ளே, பதினெட்டு டிகிரி அறையில்
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஈ வளர்க்கிறேன்.
கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அதே பழ ஈ.
சம்பளச் சீட்டில் இந்த வேலைக்கு வேறு பெயர்.

இந்தக் குப்பிகளில் இருப்பவற்றுக்கு
ஒரு மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை.
சிறகுக்குக் காரணமான அந்த மரபணுவுக்குச்
சிறகிலி என்று பெயர்.
கெட்டுப்போன அன்றுதான்
அப்படியொன்று இருந்ததே தெரிந்தது.

பதினெட்டில் பிழை வெளித்தெரியாது.
இருபத்தைந்தில் புரதத்தின் மடிப்பு குலையும்.
உண்டாகும், செல்லின் வாசலைத் தாண்டாது.
என் பாஸ்போர்ட்டும் ஒரு வருடம் அப்படி
யாருடைய இழுப்பறையிலோ கிடந்தது.
அது வேறு கம்பெனி, வேறு கதை.

வியாழன் இரவு இரண்டு மணிக்கு ஏசி நின்றது.
குல்ஸமான் வந்தார், ஸ்வாத் பக்கத்துக்காரர்.
வரைபடமா, இந்தக் கட்டிடத்துக்கா என்று சிரித்தார்.
ஒரு ஒயரைக் கழற்றுவார், காது கொடுப்பார், மாட்டுவார்.
"இது போனால் விசிறி நிற்கிறது.
அப்போ இது விசிறியுடையது."
நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இதையே சொல்ல என் ஆய்வேட்டில்
நாற்பது பக்கம் எடுத்துக்கொண்டிருந்தேன்.
ஐந்து மணிக்குக் குளிர் திரும்பியது.

முட்டைகளை எறியவில்லை. சோம்பல்தான்.
மூன்றாம் நாள் கண்ணாடித் தகட்டில் பார்த்தால்
அன்றிரவு அப்போதுதான் இட்டவை, சரி.
முந்தைய நாளில் இட்டவை, சரி.
நடுவில் ஒரு கூட்டம் பொரியவே இல்லை,
குட்டையாய்ச் சுருண்டு,
வயிறு முழுக்கப் பல்.

புழுவுக்கு அடிவயிற்றில் பல் உண்டு, ஊர்வதற்கு.
ஒரு பட்டை பல், ஒரு பட்டை வழவழப்பு, மறுபடி பல்.
இவற்றில் வழவழப்பே இல்லை.
கறுப்பில் வெள்ளையாய், இடைவெளியில்லாமல்.

பல் என்று எழுதிப்
புள்ளியை எடுத்துவிட்டால்
பல.

சிறகெல்லாம் பிறகு வரும் வேலை.
அதற்கு வெகு முன்பே அந்தப் புரதம்
பக்கத்துச் செல்லிடம் போய்
இங்கே வேண்டாம் என்கிறது.
அந்தச் சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.
பிறகு சொன்னால் உடம்பு கேட்பதில்லை.

குறிப்பேட்டில் நேரங்களை எழுதினேன்.
திட்டமிட்டவர் என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.
குல்ஸமானின் ரசீதில்
கெபாசிட்டர் ஒன்று, நாற்பது திர்ஹம்.
அதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டினேன்.