இடப்பக்கம் என்னுடையது

பிப்ரவரி. ஏரி உறைந்துவிட்டது.
இரும்புத்தாதுக் கப்பல்கள் டுலூத் துறையில் கட்டிக் கிடக்கின்றன,
ஆர்விட்டும்தான்.
மதகு திறக்க இன்னும் ஆறு வாரம்.
வேலையில்லாத மாலுமியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்,
அவன் எதையாவது கழற்றுவான்.
போன வருஷம் பாத்திரம் கழுவும் மெஷின்.
இந்த வருஷம் பைக் என்ஜினின் மூடிகள்.

பவுடர் கோட்டிங் என்கிறான்.
அடுப்பில் வேகிற நிறமாம், பெயின்ட் மாதிரி உரியாதாம்.
ஈரக் கறுப்பு வேண்டும் அவனுக்கு,
நள்ளிரவு ஏரியின் கறுப்பு.

நான் டார்ச் பிடிக்கிறேன்.
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு நேரே வந்த கை,
வெளிச்சம் ஆடுகிறது.
குளிர், என்கிறேன்.

குளிர் இல்லை.
நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஜூலை மாதம்
அவன் தண்ணீர்மேல் எங்கேயோ இருந்தபோது
இதை எடுத்துக்கொண்டு போய்
பேக்கரி வாசலில் சாய்த்தேன், இடப்பக்கமாக.
ஓடும்போது விழுந்திருந்தால் கொஞ்சம் கௌரவம் இருந்திருக்கும்.
நின்ற வண்டி. கால் சறுக்கியது. அவ்வளவுதான்.
மூடியில் ஒரு விரிசல், கண்ணிமை நீளம்.
எபாக்ஸி பூசி, தேய்த்து, வெள்ளி நிறம் அடித்து
துடைத்த துணியையும் எரித்துவிட்டேன்.
முழுப் பூசணிக்காய் எனக்கு எதற்கு,
சோறும் கொஞ்சம்தான், மறைத்ததும் கொஞ்சம்தான்.

திருகுகள் அசையவில்லை.
நாற்பது வருஷத் துருவுக்கு நாற்பது வருஷப் பிடிவாதம்.
இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போடுகிறான்,
ஒவ்வொன்றும் பல்லைப் பிடுங்கின மாதிரி முனகி வருகிறது.
ஓட்ஸ் டப்பாவின் அட்டையில் மூடியின் உருவம் வரைந்து
அதனதன் இடத்தில் குத்தி வைக்கிறான்,
நீளமானது கீழே, குட்டை மேலே.
பத்துத் துளை. ஒன்பது திருகு.
"ஒன்று உன் பக்கம் உருண்டதா?"
இல்லை, என்கிறேன். அதுமட்டும் உண்மை.

வலது மூடி சுலபமாக வந்தது, கிளட்ச் பக்கம்,
மிச்ச எண்ணெயை அவன் சட்டையில் கொட்டிவிட்டு.
இடது மூடியை உள்ளேயிருக்கும் காந்தம் விடவில்லை.
இழுத்தான். இன்னும் இழுத்தான்.
விடாதே, என்று காந்தத்திடம் சொன்னேன், மனசுக்குள்.
டொக்கென்று வந்துவிட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க
பிளேடால் கேஸ்கெட் சுரண்டினோம்.
ஆயில் சீல்களைப் பிதுக்கி எடுத்தோம், அடுப்பில் உருகிவிடும் என்று.
கண்ணாடியில் மூக்கை வைத்து அவன் பார்க்கும்போதெல்லாம்
நான் காபி வேண்டுமா என்று கேட்டேன்.
ஏழு கப் குடித்தான்.

லோர்னா போலியூவின் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தோம்.
முதலில் மணல் வீசிப் பழைய நிறத்தை உரிப்பாளாம்,
பிறகு வெறுமனே ஒருமுறை சுடுவாளாம்:
"அலுமினியம் குடித்த எண்ணெயெல்லாம் வியர்வையாக வெளியே வரட்டும்.
இல்லாவிட்டால் பவுடர் கொப்பளிக்கும்."
இருநூறு டிகிரி. எபாக்ஸி தாங்காது.
அதை எனக்கு அவள் சொல்லவில்லை, நானே படித்தேன்,
ராத்திரி இரண்டு மணிக்கு, குளியலறையில்.

செவ்வாய்க்கிழமை போன்.
ஆர்விட்டின் கையெல்லாம் கிரீஸ், ஸ்பீக்கரில் போட்டான்.
"உங்கள் மூடியில் ஒட்டு இருக்கிறது," லோர்னாவின் குரல்,
"பிய்ந்து வந்துவிட்டது. வெல்டிங் பண்ண வேண்டும்.
இரண்டுக்கும் சேர்த்து நூற்றிருபது டாலர்."

இரண்டுக்குமா?

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன்.
ஆர்விட் துணியை எடுத்து விரல்விரலாகத் துடைத்தான்.
துடைத்த விரலையே மறுபடி துடைத்தான்.
"ஏப்ரல்," என்றான் கடைசியில், சுவரைப் பார்த்து.
"கப்பலேறுவதற்கு முந்தின நாள். ரோட்டில் பனிக்காலத்து மணல்.
வலப்பக்கம்."
பைக்கின் இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான்.
நடுவில் மூடியில்லாத என்ஜின்,
பல்சக்கரமெல்லாம் தெரிய, மேலே ஒரு பிளாஸ்டிக் பை.

"பேக்கரி வாசல்," என்றேன்.
"நின்ற வண்டி."

"நின்ற வண்டியா?"
அவன் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

லைனிலேயே இருந்த லோர்னா கேட்டாள்,
கறுப்புதானே, நிச்சயமா?
நாங்கள் தரையில் முழங்காலிட்டிருந்தோம்,
வேறொன்றுமில்லை,
அந்தப் பத்தாவது திருகு.