திணைமயக்கம்

பதினேழாம் அத்தியாயத்தில்
எண்ணூர் முகத்துவாரத்துக்குள்
ரப்பர் படகிலிருந்து ஆறு பேரை இறக்கியிருந்தேன்.
அமாவாசை.
அனல்மின் நிலையப் புகைபோக்கியின் உச்சியில்
சிவப்பு விளக்கு ஒன்று மட்டும்.

அப்போதுதான் மண்ணடியிலிருந்து மொய்தீன் பாய் போன்:
"வெறும் துப்பாக்கி இப்பல்லாம் போணியாகுறதில்ல தம்பி.
கொஞ்சம் பேய் போடுங்க.
இல்லாட்டி காதல்.
ரெண்டும் இருந்தா நாப்பது பக்கம் கூடத் தர்றேன்."

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில்
எனக்கு இரவு ஷிப்ட்.
பெட்டி எண்களைக் குறிக்கும் பேனாவால்தான்
மாதம் ஒரு முறை நாட்டைக் காப்பாற்றுகிறேன்.

கேட்டில் புதுக் காவலாளி, செலஸ்டின்.
கப்பற்படையில் ஏதோ ஒரு பிரிவு.
எதுவென்று சொல்ல மாட்டான்.
இடது காது கேட்காது.
டீ கிளாஸ் ஈரம் பட்ட விரலால்
என் தாள்களைப் புரட்டி முடித்துவிட்டு
"இன்னா சார், உன் ஆளுங்க யாருக்குமே
ஒண்ணுக்கு வராதா?" என்றான்.

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"நாலு மணி நேரம் தண்ணிக்குள்ள கெடந்தோம்.
போட்ருந்த ரப்பர் சட்டைக்குள்ளியே போய்க்கினோம்.
அந்தச் சூடு இருக்கு பாரு,
அன்னிக்கு ராத்திரி எங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

பேய் உண்டா என்று கேட்டேன், பாயை நினைத்துக்கொண்டு.

"எந்தக் கடல்னு கேக்காத.
ரெண்டு ரெண்டு பேரா இடுப்புல கயிறு.
ஒரு இழுப்புன்னா, இருக்கேன்.
ரெண்டுன்னா, நில்லு.
அவன் பழைய வலையில மாட்டிக்கினான்.
நான் அறுத்துட்டு வந்தேன்.
மேல வந்து படகுல படுத்தப்புறம்
ஒரு இழுப்பு."

காதல் உண்டா என்று நான் கேட்கவில்லை.
அவனாகத்தான் சொன்னான்,
மணலில் பீடியைத் தேய்த்து அணைத்தபடி:
"தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துருவேன்.
பவுலின் அவ முந்தானைய என் மணிக்கட்டுல கட்டிக்கினு படுக்குறா.
கண்ணத் தொறக்காமயே ஒரு இழுப்பு இழுப்பா.
அப்புறம் தூங்கிருவேன்."

இரவில் ஓசையின்றிப் போய் ஆநிரை கவர்ந்தவர்களுக்கு
வெட்சிப்பூ கொடுத்தார்கள் பழைய புலவர்கள்.
எங்கள் தெருவில் அதற்கு இட்லிப்பூ என்று பெயர்,
லாரிப்புகை படிந்த வேலியில் பூக்கிறது.
கரையில் காத்திருப்பவளுக்கு நெய்தல்.
கொசஸ்தலையில் அதை நான் பார்த்ததில்லை,
சாம்பல்தான் மிதக்கிறது.
ஒரு திணைக்குள் இன்னொன்று ஏறி வந்தால்
மயக்கம் என்று பெயர் வைத்துவிட்டு
மேலே எழுதியிருக்கிறார்கள்.

நான் பதினேழாம் அத்தியாயத்தைக் கிழித்தேன்.
என் ஆறு பேரும் இன்னும் தண்ணீரில்தான் நிற்கிறார்கள்.
ஒருவனுக்கு மட்டும் இப்போது
தொடையோரம் வெதுவெதுப்பு.

"அட்டையில என்னான்னு போட?
கிரைமா, திகிலா, குடும்பமா?"
பாய் காத்திருக்கிறார்.

நாலரை மணிக்கு ஒரு டிரெய்லர் வந்து ஹாரன் அடித்தது.
செலஸ்டின் வலது காதைத் திருப்பி எழுந்தான்.
கேட் சங்கிலியைக் கையில் எடுத்தவன்
திறப்பதற்கு முன்
லேசாக
ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.