நாற்பது நாள் பின்னால்

ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் பின்கட்டுக்கும்
சுகுணம்மாவின் பின்கட்டுக்கும் நடுவே
தோள் உயரச் சுவர்.
அந்தப் பக்கம் தொடர் தெலுங்கில் ஓடும்.
இந்தப் பக்கம் அதே தொடர்
தமிழ் பேசிக்கொண்டு
நாற்பது நாள் பின்னால் வரும்.
அங்கே அவள் ஹாரிகா, இங்கே நித்திலா.
மூக்குத்தி ஒன்றுதான்.
அழுகைக்கு மட்டும் யாரும் குரல் மாற்றவில்லை.

தார் சுற்றிக்கொண்டே பார்ப்பேன்.
தறிச் சத்தத்தில் பாதி வசனம் போய்விடும்.
போகட்டும்,
முட்டாள்தனத்துக்கு வசனம் எதற்கு.

உயிலை மாற்றி எழுதிவிட்டேன் என்று
மாடிப்படி உச்சியில் நின்றுகொண்டா சொல்வார் மாமனார்,
அதுவும் மூத்த மருமகனிடம்?
அந்த வக்கீலுக்கு
ஒரே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவைக்கத் தோன்றவில்லை.
நகரி பஸ் ஸ்டாண்டில் இரண்டு ரூபாய்.
டாக்டர் தம்பி இருந்தானே,
"போன்ல சொல்ல முடியாது, நேர்ல வா" என்றான்
ஒரு வெள்ளிக்கிழமை.
திங்கட்கிழமை அவன் படத்துக்குச் சந்தன மாலை.

சுகுணம்மாவுக்கு எல்லாம் தெரியும்.
கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் தலை நீட்டுவாள்,
"அந்த ரைஸ் மில்லுக்கு ராத்திரியில தனியா..."
நான் காதைப் பொத்திக்கொண்டு கத்துவேன்:
செப்பொத்து அக்கா, செப்பொத்து!
கற்பூரம் ஏற்றாத குறையாகச் சத்தியம் வாங்கினேன்.
அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.
ஆனால் முகம் இருக்கிறதே.
நித்திலா சிரிக்கிற நாட்களில்
கொடியில் துணி போடும் என்னைத்
துக்க வீட்டுக்காரியைப் போலப் பார்ப்பாள்.

ஆடியில் என் தம்பி தயாளன் வந்தான்.
நாடா இல்லாத தறியாம், எட்டு,
புத்தூர் ஃபைனான்ஸ்காரர் பணம் தருகிறாராம்.
"உன் வீட்டுப் பத்திரம், சும்மா, ஒரு பேருக்கு அக்கா."
சும்மா, ஒரு பேருக்கு.
இதை நித்திலாவிடம் எவனாவது சொல்லியிருந்தால்
தாரை வீசிவிட்டு எழுந்து நின்றிருப்பேன்.

காகிதம் முழுக்கத் தெலுங்கு.
எனக்கு அது வாயில் வரும், கண்ணில் வராது.
சிக்குப் பிடித்த பாவு மாதிரி இருந்தது ஒவ்வொரு வரியும்.
அப்போதுதான் சுகுணம்மா
உறைமோர் கேட்டு உள்ளே வந்தாள்.
ஸ்டூல் மேல் கிடந்ததை
இரண்டாம் பக்கம் வரை படித்தாள்.
உதடு அசைந்தது.
தயாளன் அவளுக்கும் சேர்த்து டீ சொன்னான்.
என்னைப் பார்த்தாள்.
எனக்குப் பழகிய பார்வைதான்.
டிவி அணைந்துதான் இருந்தது,
ஆனாலும்
ஐயோ, நாளைக்கு நித்திலாவுக்கு என்னவோ ஆகப்போகிறது
என்று நினைத்துக்கொண்டேன்.
கிண்ணத்தில் மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.
தமிழில். அழகாக. மூன்று இடத்தில்.

தை பிறந்து பத்தாம் நாள் நோட்டீஸ்.
தயாளன் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே.
எந்த எல்லை என்று அந்தப் பெண் சொல்லவில்லை.

சுவரைத் தட்டினேன்.
அவள் வீட்டில் அந்தக் கதை முடிந்து
வேறு கல்யாணம், வேறு ஹாரிகா.
எங்கள் வீட்டில் இன்னும் உயிரோடு இருந்தாள் நித்திலா,
ஓரகத்தி, முன்னூறு வாரத்தில் முதல்முறையாகத்
தன் கையால் காய்ச்சிக் கொடுத்த பால்
உதட்டுக்கு நாலு விரல் தூரத்தில்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு
சுகுணம்மா நோட்டீஸைப் பிரித்தாள்.
கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்
கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள்.
பிறகு, மெதுவாக, செப்பனா? என்றாள்.

இரு அக்கா என்றேன்,
விளம்பரம் போகட்டும்.