பனியாற்றுக்கு ஒத்திகை

இரவு பதினொன்றரை. குளச்சல் ஐஸ் பிளாண்ட்.
நாற்பது பாளங்களைத் தரையில் அடுக்கிவிட்டு
பெர்ஜின் சொன்னான்:
"வெடியதுக்கு முன்ன லோடு போவணும்.
சவுட்டி ஒடச்சிராதீங்க மக்கா."

இருபதடி நீளம், ஆறடி அகலம்.
எங்களுக்கு வாய்த்த பனியாறு அவ்வளவுதான்.
கரையோரம் அமோனியாக் குழாய்,
வானத்தில் ஒரு டியூப் லைட்
எரியவா வேண்டாமா என்று.

செப்டம்பரில் நிஜத்துக்குப் போகிறோம்.
மூன்று ரயில், ஒரு ஜீப், ஆறு நாள் நடை.
பூட்சுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்
மணாலியிலிருந்து பார்சலில் வந்தன,
யாரோ ஒருவனின் துருவோடு.
மாவட்டம் முழுக்க அலைந்தும்
அவை கடிக்க ஓரிடம் கிடைக்கவில்லை.
பாறையில் மழுங்கும். தேரியில் புதையும்.
பெர்ஜினின் சித்தப்பாவுக்கு
நல்லவேளையாக இந்தத் தொழில்.

ஷைனி முதலில் ஏறினாள்.
தக்கலையில் எக்ஸ்ரே எடுக்கிறவள்,
கால் வைக்கும் முன் குனிந்து
பாளத்துக்குள் எலும்பு தேடினாள்.
பிறகு மிதித்தாள்.
நாய் கற்கண்டைக் கடிக்கிற சத்தம்.

நான் ஆரல்வாய்மொழியில் காற்றாடி பழுது பார்ப்பவன்.
எண்பது மீட்டர் ஏணி, அன்றாடம்.
உச்சியில் உட்கார்ந்து
மரச்சீனியும் சாளைக்கறியும் தின்றிருக்கிறேன்.
உயரம் என்னை ஒன்றும் செய்யாது
என்று கேட்டவரிடமும் கேளாதவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு தாடகைமலையில்
நாலு பேரும் ஒரே கயிற்றில் நடந்தோம்.
முதுகுப்பை ஒவ்வொன்றிலும்
பதினைந்து கிலோ ரப்பர் ஷீட்.
பனிக்கோடரி வரவில்லை,
தேங்காய் உரிக்கிற பாரையை எடுத்துக்கொண்டேன்.
ராஜசிங் நாலு வீடியோ பார்த்துப் போட்ட முடிச்சை
ஒன்றும் பேசாமல் அவிழ்த்துவிட்டு
பெர்ஜின் தன் வள்ளத்து முடிச்சைப் போட்டான்.
அடிவாரத்தில் ஆடு மேய்த்தவர் கேட்டார்,
"யாருக்கலே வித்திருக்கு உங்கள?"

கணவாய் வழியாக ஆனிக்காற்று.
அது வீசுவதில்லை, தோளைப் பிடித்துத் தள்ளும்.
வாயைத் திறந்தால் வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்
பூதப்பாண்டியில் போட்டுவிடும்.
கொடுமுடிக்குச் சற்றுக் கீழே
போதைப்புல் சரிவில் ஷைனி வழுக்கினாள்.
கூப்பிட்டிருப்பாள். கேட்கவில்லை.
கயிறுதான் சொன்னது.

குப்புற விழுந்தேன்.
பாரை மண்ணில் இறங்கி, கல்லில் இடித்து நின்றது.
ஐம்பத்தாறு கிலோவும் ஒரு ரப்பர் மூட்டையும்
என் இடுப்பெலும்பில் தொங்கின.
மூக்கில் எலுமிச்சை வாசம், வாயில் செம்மண்.
சிரிப்பு வந்தது எனக்கு, வெட்கமில்லாமல்.
ஒரு மனுஷியின் எடை முழுவதும்
என்னிடம் இருக்கிறது என்கிற திமிர்.
மேலேறி வந்தவள்
முழங்கை ரத்தத்தை நக்கிவிட்டுச் சொன்னாள்,
"கயிறு மீன் நாறுது."

அப்படிப்பட்ட நான்தான் இங்கே
இருபதடிப் பனியில் பாதி வழியில் நிற்கிறேன்.
பதினோராவது பாளத்தில் இடதுகால் வைத்தபோது
அடியில் எங்கேயோ
டம் என்று ஒரு சத்தம்.
கதவு சாத்தியது போல, ஆனால் கீழே.

கால் எழும்பவில்லை.
கீழே சிமெண்டுத் தரை என்று தெரியும்.
பாளத்தின் கனம் ஒரு முழம் என்று தெரியும்.
ஆனாலும் உடம்பு நம்பவில்லை.
எண்பது மீட்டரிலும்
தரை எங்கே என்று பார்த்தே நின்றிருக்கிறேன்.
இது வெள்ளையாக, மூடி, ஒன்றும் காட்டாமல் இருந்தது.

"கடல்ல எப்பவும் இப்பிடித்தான்," என்றான் பெர்ஜின்
குழாயில் சாய்ந்து பீடி தேடிக்கொண்டே.
"அடியில என்ன கெடக்குன்னு பாத்தா
எவன் வள்ளம் எறக்குவான்?"
ஆறுதலா, கிண்டலா, தெரியவில்லை.
ஷைனி மறுகரையில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.
நீட்டிய கைக்கும் எனக்கும் எட்டடி.

நடந்தேன். ஒவ்வொரு பல்லாக எண்ணி.

நாலரைக்கு வண்டி வந்தது.
எங்கள் பற்தடம் பதிந்த பாளங்களைக்
கொக்கி போட்டு இழுத்து
அரவையில் தள்ளினார்கள்.
பொடியான பனியாறு கூடை கூடையாக
விசைப்படகுகளுக்குள் இறங்கியது.
பெர்ஜின் மட்டும் தரையைப் பார்த்து
விரல் மடக்கிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பாளம் பொட்டிப் போச்சு.
பைசா யாருலே தருவா?"