அறுபது லிட்டர்

ராஸ் அல் கைமா. ஆகஸ்ட்.
கடல் எழுந்து வந்து
கண்ணாடிக் கதவில் வியர்த்து நிற்கிறது.
உள்ளே விடமாட்டோம்.
ஈரம் முப்பத்தைந்தைத் தாண்டினால் அலறும் பெட்டி
ரொவேனாவின் தலைக்குமேல் இருக்கிறது.

பொடிக்கு ஈரம் ஆகாது, கட்டி தட்டும்.
சரி, காயவிடலாம் என்றால் அதுவும் ஆகாது,
மின்னேறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கும்.
இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை;
அதில் எட்டு மணி நேரம் நடக்கத்தான் சம்பளம்.

மருந்து, மூன்று மைக்ரான்.
தனியாக எங்கும் போகத் தெரியாது.
பால்சர்க்கரைத் துகளின் முதுகில் ஏற்றி அனுப்புகிறோம்.
மூச்சு வரும்வரை ஒட்டியிருக்க வேண்டும்,
வந்ததும் விட்டுவிட வேண்டும்.
விடாதது தொண்டையில் விழுந்து இனிக்கும்.
இனித்தால் வீண்.

என் மேசையில் ஒரு நுரையீரல் உண்டு.
எஃகு. எட்டுத் தட்டு.
வளைந்த குழாய் அதன் தொண்டை.
பம்பைத் தட்டினால்
நிமிடத்துக்கு அறுபது லிட்டர் வேகத்தில்
நான்கே நொடி இழுக்கும்.
இருமாது.
தட்டுத் தட்டாகக் கழுவி
எவ்வளவு, எத்தனை ஆழம் என்று எழுதுவேன்.
கணக்குச் சரியாக வந்த நாளில்
ஹாஸிம் தேநீர் வாங்கித் தருவார்.

அறைக்கு வந்தால் காசிராஜன்.
மலையை ஜல்லியாக்கும் கிரஷரில் வேலை.
சட்டையை உதறுவான், விளக்கடியில் பறக்கும்.
அதிலும் சிலது மூன்று மைக்ரான்தான்.
முதுகில் ஏற்ற ஆள் வேண்டாம்,
தொகுதி எண் வேண்டாம்,
வழி தெரியும் அதற்கு.

பயிற்சிக்குத் தரும் காலி உறிஞ்சி ஒன்றைக்
கொண்டுவந்தேன் ஒருநாள்.
மருந்து இருக்காது. மூச்சு போதுமென்றால்
விசில் அடிக்கும், அவ்வளவுதான்.
"இழுடா, சுர்ருன்னு."
இழுத்தான்.
மறுபடி. கழுத்து நரம்பு புடைக்க.
ஸ்ஸ் என்றது.
"ஓட்டை சாமான்" என்று என் கையில் திணித்தான்.
நான் வாயில் வைத்தேன், கூவியது.
ஏன் வைத்தேன் என்று
இன்னும் கூசுகிறது.

"டாக்டர்கிட்ட போலாம், வெள்ளிக்கிழமை."
"விசா புதுப்பிக்கிற மாசம்.
நெஞ்ச படம் எடுப்பான்ல, அப்ப பாத்துக்கலாம்."
திரும்பிப் படுத்துக்கொண்டான்.
சன்னலில் வைத்திருந்ததைக்
காலையில் காணோம்.

நேற்று, மூன்று மணி இருக்கும்.
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்ட சத்தம்.
அதற்கடியில், அரை நொடி, ஒரு விசில்.
நின்றது.
நெடுநேரம் தண்ணீர் மட்டும்.
பிறகு இன்னோர் அரை நொடி.

மேல்கட்டிலில் சத்தார்
போர்வையை விலக்காமலே சொன்னான்:
"போலாம் ரைட்... எவன்டா அவன்,
இந்நேரத்துல?"